திபெத்துக்கான பன்னாட்டு ஆதரவு எங்கே பயன் தந்தது?

பாலைக்குயில் (கேள்வி):

வணக்கம். 1959இல் திபெத்தின் தலைநகர் லாசாவில் சீன ஆட்சிக்கு எதிராக நிகழ்ந்த எழுச்சியை நினைவுகூர்ந்து, ஆண்டுதோறும் மார்ச் 10 அன்று உலகின் பல நகரங்களில் திபெத்தியரும் அவர்களுடைய ஆதரவாளர்களும் ஊர்வலம் செல்கின்றனர். ஆயினும் தலாய் லாமாவின் படத்தை வீட்டில் வைத்திருப்பதற்குக்கூடத் திபெத்தில் இன்றுவரை தடை நீடிக்கிறது. வெளியிலிருந்து எழும் ஆதரவு, அங்கே வாழும் மக்களுக்குக் கண்கூடான பயன் எதையேனும் தந்திருக்கிறதா? நடந்த நிகழ்வுகளைக் கொண்டு விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மெய்ப்பொருள்:

அரசுகளின் ஆதரவை மட்டும் எடுத்துக்கொண்டால் விடை ஏமாற்றமே தரும். ஐ.நா. பொதுச்சபை 1959, 1961, 1965 ஆகிய ஆண்டுகளில் திபெத்துக்காக மூன்று தீர்மானங்களை நிறைவேற்றியது. அவற்றுள் 1961ஆம் ஆண்டுத் தீர்மானம் திபெத்தியரின் சுயநிர்ணய உரிமையை வெளிப்படையாகவே குறிப்பிட்டது. முதல் தீர்மானத்தை அயர்லாந்தும் மலாயாவும் கொண்டுவந்தன என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். அன்றுதான் அடிமைத்தளையிலிருந்து விடுபட்டிருந்த மலாயா, பெரிய நாடுகள் தயங்கிய இடத்தில் முன்வந்தது. இந்தியா 1959இல் வாக்களிக்காமல் ஒதுங்கி நின்று, சீனாவுடனான 1962 போருக்குப் பின் 1965இல்தான் ஆதரித்தது. 1971இல் மக்கள் சீனம் ஐ.நா.வில் இடம்பெற்ற பிறகு, பொதுச்சபையில் இப்படியொரு தீர்மானம் நிறைவேறவே இல்லை.

கல்வெட்டு:

தாங்கள் கேட்பது போன்ற நிகழ்வு ஒன்று உண்டு. அது உலக வங்கியின் பதிவேட்டிலேயே இருக்கிறது.

குறைந்த வட்டிக் கடனுக்குச் சீனா தகுதி பெற்றிருந்த கடைசி நாட்களில், 1999 ஜூனில், மேற்குச் சீன வறுமை ஒழிப்புத் திட்டம் வங்கியின் இயக்குநர் குழுவுக்கு வந்தது. அதன் ஒரு பகுதி, சிங்காய் மாகாணத்தின் கிழக்கிலிருந்து ஏறத்தாழ 58,000 ஏழை விவசாயிகளைப் பெயர்த்து, திபெத்தியரும் மங்கோலியரும் மேய்ச்சல் நிலங்களில் வாழ்ந்துவந்த துலான் வட்டாரத்தில் குடியமர்த்துவதாகும். இந்தப் பகுதிக்கு ஒதுக்கப்பட்ட தொகை 4 கோடி டாலர். வருபவர்களில் மிகப் பலர் சீனப் பெரும்பான்மையினரான ஹான், இசுலாமியரான ஹுய் இனத்தவர் என்பதால், தங்கள் மண்ணிலேயே சிறுபான்மையாகிவிடும் அச்சம் திபெத்தியருக்கு எழுந்தது. அப்படியிருந்தும், முழுமையான சுற்றுச்சூழல் ஆய்வு தேவைப்படாத வகையில் வங்கி இத்திட்டத்தை வகைப்படுத்தியிருந்தது.

வங்கியால் பாதிக்கப்படும் மக்கள் முறையிடுவதற்கென்று ஓர் ஆய்வுக் குழு உண்டு. ஆனால் முறையிடுபவர் அந்த இடத்தைச் சேர்ந்தவராக இருக்க வேண்டும் என்பதே வழக்கம். துலான் மக்கள் கையெழுத்திட்டால் சிறைதான் என்ற நிலையில், வாஷிங்டனிலுள்ள திபெத்துக்கான பன்னாட்டு இயக்கம் அவர்கள் சார்பில் மனு அளித்தது. நேரில் ஆராயச் சென்ற ஓர் ஆஸ்திரேலியரும் ஓர் அமெரிக்கரும் அந்த ஆகஸ்டிலேயே காவலில் வைக்கப்பட்டனர். பல நாடுகளிலிருந்த திபெத் ஆதரவுக் குழுக்கள் தத்தம் நாட்டு இயக்குநரை நெருக்கின. வங்கி தன் சொந்த விதிகளையே மீறியிருக்கிறது என்றும், அங்கே அச்சம் நிலவுகிறது என்றும் ஆய்வுக் குழு 2000ஆம் ஆண்டு அறிக்கை அளித்தது. அவ்வாண்டு ஜூலையில் சீனா, அந்தப் பகுதிக்கான கடன் கோரிக்கையைத் திரும்பப் பெற்றுக்கொண்டது.

பாலைக்குயில்:

விரிவான விளக்கத்திற்கு நன்றி. ஆனால் சொந்தப் பணத்திலேயே செய்துகொள்வதாகச் சீனா அப்போது அறிவித்ததே. அதை வெற்றி என்று கொள்ள முடியுமா?

கல்வெட்டு:

முழு வெற்றி என்று நான் சொல்ல மாட்டேன். ஆயினும் ஒரு மக்களின் நிலத்தில் அவர்களைக் கேளாமல் குடியேற்றம் நடத்த, உலகின் பொதுப்பணமும் அதன் நற்பெயரும் பயன்படாமல் போயின. ஆதரவாளர்களின் கைக்கு எட்டியது அந்த வங்கி. அவர்கள் அதைப் பற்றினார்கள். பெய்ஜிங்கை நோக்கிப் பொதுவாக முழங்கியிருந்தால் இதுவும் நடந்திராது.

செவ்வானம்:

கைதிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். லாசாவின் திராப்சி சிறையில் 1993இல் பதினான்கு பிக்குணிகள் தங்கள் விடுதலை வேட்கையைப் பாடி ஒலிநாடாவில் பதிந்து வெளியே அனுப்பினார்கள். அதற்காக அவர்களது தண்டனை பல ஆண்டுகள் நீட்டிக்கப்பட்டது. அந்தக் குரல்களைக் கேட்டவர்கள் அவர்களின் பெயர்களை ஆண்டுக்கணக்கில் விடாமல் எழுப்பினார்கள். அன்றைய சீன அதிபர் ஜியாங் ஜெமின் அமெரிக்கா செல்வதற்குச் சில நாட்களுக்கு முன், 2002 அக்டோபரில், அவர்களுள் ஒருவரான ஙவாங் சங்த்ரோல் விடுவிக்கப்பட்டார். புன்சோக் ஞித்ரோன் 2004இல் வெளிவந்தார்.

எல்லாருக்கும் இது வாய்க்கவில்லை. திபெத்தியத் துறவி தென்சின் தெலெக் ரின்போச்சேயின் மரண தண்டனை ஆயுள் தண்டனையாகக் குறைக்கப்பட்ட பின்னும், அவர் 2015 ஜூலையில் சிறையிலேயே உயிர்நீத்தார். 1995 மே மாதம் ஆறு வயதில் சீன அதிகாரிகளால் கொண்டுசெல்லப்பட்ட, தலாய் லாமாவுக்கு அடுத்த நிலையிலுள்ள மதகுருவான பஞ்சென் லாமா கெதுன் சோக்கி ஞிமாவை இன்றுவரை எவரும் சுதந்திரமாகச் சந்திக்க விடப்படவில்லை. பெயர் சொல்லிக் கேட்பதை நிறுத்தினால் அவர்கள் முற்றிலும் மறைக்கப்பட்டுவிடுவார்கள் என்பதே என் கவலை.

தாம்பரத்தார்:

இன்றைய நெருக்கடி பள்ளிகளில் இருக்கிறது. ஏறத்தாழ 10 இலட்சம் திபெத்தியக் குழந்தைகள் விடுதிப் பள்ளிகளில் பெற்றோரைப் பிரிந்து, பெரும்பாலும் சீன மொழியிலேயே பயில்கின்றனர் என்று ஐ.நா.வின் சிறப்பு அறிக்கையாளர்கள் 2023 பிப்ரவரியில் எச்சரித்தார்கள். சீன அரசு இதை மறுக்கிறது. சீன அரசமைப்பின் நான்காம் உறுப்பு, எல்லா இனத்தவருக்கும் தம் மொழியைப் பயன்படுத்தவும் வளர்க்கவும் உரிமை தந்திருக்கிறது. அந்த உரிமையைத்தான் வணிகரான தாஷி வாங்சுக் கேட்டார். ஐந்தாண்டுச் சிறை கிடைத்தது.

நமக்கு அருகிலேயே செய்ய வேண்டியதும் உண்டு. 2019 அக்டோபரில் சீன அதிபர் மாமல்லபுரம் வந்தபோது, போராடக்கூடும் என்பதற்காகவே சென்னையில் பயின்ற திபெத்திய மாணவர்கள் சிலர் முன்கூட்டியே கைது செய்யப்பட்டார்கள். இத்தகைய நாட்களில் அவர்களுக்காக வழக்காட வழக்குரைஞரை அமர்த்துவதும், தேர்வு தவறிய மாணவருக்காகக் கல்லூரி நிருவாகத்திடம் பேசுவதும் இங்குள்ள எவராலும் இயலும். விருப்பமுள்ளவர்கள் இத்திரியிலேயே தெரிவித்தால், சென்னையிலுள்ள திபெத்திய மாணவர்களிடம் அவர்களுக்கு எது தேவை என்று முதலில் கேட்டறிந்து, அதன்படி வேலைகளைப் பிரித்துக்கொள்ளலாம்.