'முற்காப்புப் பித்தப்பை நீக்கம்': ஒரு முன்மொழிவு

நண்பர்களுக்கு வணக்கம்.

பித்தப்பையில் கல் இருந்தும் வலி இல்லாதவருக்கு, பின்னால் சிக்கல் வராமலிருக்க அந்தப் பையை முன்கூட்டியே எடுத்துவிடுவதை ஆங்கிலத்தில் 'ப்ரோஃபிலாக்டிக் கோலிசிஸ்டெக்டமி' என்பார்கள். அதற்கான தமிழ்ச் சொல்லாக வந்த பரிந்துரைகளில் 'தடுப்பு அறுவை'க்குத்தான் ஆதரவு அதிகம். எனக்கு அதில் உடன்பாடில்லை. 'தடுப்பு' என்றதும் நம் மக்களுக்குத் தடுப்பூசிதான் நினைவுக்கு வரும்: எல்லாரும் போட்டுக்கொள்ள வேண்டியது, போட்டால் நோய் அண்டாது. இங்கே கல் ஏற்கெனவே உள்ளே இருக்கிறது. இன்னும் வலிக்கவில்லை, அவ்வளவுதான்.

எல்லாருக்கும் உரிய அறுவையும் அல்ல இது. மாற்றுச் சிறுநீரகம் பெற்றவருக்கு வலிக்காத கல் இருந்தால், பெரும்பாலும் கண்காணிப்போடு விட்டுவிடுகிறார்கள். மாற்று இதயம் பெற்றவர் என்றால் அப்படி விடப் பல மருத்துவர்கள் தயங்குகிறார்கள். கல்லீரல் மாற்றில் கேள்வியே எழாது. பழைய கல்லீரலோடு பித்தப்பையும் போய்விடும், கொடையாகக் கிடைத்த கல்லீரலில் உள்ளதையும் எடுத்துவிடுவார்கள்.

ஏன் தயக்கம்? மாற்று உறுப்பை உடல் நிராகரிக்காமலிருக்க அவர்கள் எடுத்துக்கொள்ளும், எதிர்ப்பாற்றலை ஒடுக்கும் மருந்துகள், குறிப்பாக ஸ்டீராய்டு, காய்ச்சலையும் வலியையும் மழுங்கடித்துவிடும். பித்தப்பையில் சீழ் பிடித்திருக்கும். வயிற்றை அழுத்தினால் மெத்தென்று இருக்கும், தெர்மாமீட்டர் 99 டிகிரிதான் காட்டும். கண்டுபிடிப்பதற்குள் முற்றிப்போய் அவசர அறுவையில் கொண்டு விடும். சிக்கலும் உயிரிழப்பும் கூடுவது அங்கேதான். முன்பே நாள் குறித்துச் செய்தால் பெரும்பாலும் லேப்ராஸ்கோப்பியிலேயே (சிறு துளைகள் வழியாகச் செய்யும் அறுவை) முடித்துவிடலாம். எதிர்ப்பாற்றலை ஒடுக்கும் மருந்துகளில் ஒன்றான, புண் ஆறுவதைத் தாமதப்படுத்தும் சிரோலிமஸுக்குப் பதிலாக வேறு மருந்து கொடுக்கவும் அவகாசம் இருக்கும்.

ஆகவே சொல்லில் 'முன்' என்பது கட்டாயம் வேண்டும். 'வருமுன் பித்தப்பை நீக்கம்' அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் எது வருமுன்? கல் வருமுன் என்றே பலரும் படிப்பார்கள். 'முற்காப்பு' அந்தக் குழப்பம் தராது. இலங்கைத் தமிழில் ஏற்கெனவே புழங்கும் சொல் என்பதால் நாம் புதிதாகச் சுமத்துவதாகவும் ஆகாது. 'காப்பு' என்றால் வளையல் நினைவு வராதா என்று ஒருவர் கேட்டிருந்தார். 'பாதுகாப்பு' என்று படிக்கும்போது யாருக்கும் வளையல் நினைவு வருவதில்லையே.

ஒப்புதல் படிவத்தில் வைத்துப் பாருங்கள்: "உங்களுக்கு இப்போது வலி இல்லை. ஆனாலும் முற்காப்பாகப் பித்தப்பையை நீக்கிவிடலாம் என்று கருதுகிறோம்." படிப்பவருக்கு நிலைமை சரியாகப் புரிகிறது, பயமும் காட்டவில்லை.

சரி, அடுத்தது 'அசிம்ப்டமாட்டிக்' கல். 'மௌனக் கல்' என்ற பரிந்துரை கவிதையாக இருக்கிறது, அறிக்கையில் ஒட்டாது. 'அறிகுறியற்ற பித்தக்கல்' போதும் என்பது என் கருத்து. மருத்துவ நண்பர்கள் 'முற்காப்புப் பித்தப்பை நீக்கம்', 'அறிகுறியற்ற பித்தக்கல்' இரண்டையும் நோயாளிகளிடம் சொல்லிப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.