டெசலேஷன்: ‘பட்டையாக்கம்’ சரிவருமா?

வணக்கம்.

கேட் (CAD, கணினி வடிவமைப்பு) கோப்பை ரெண்டருக்கு, அதாவது கணினியில் படமாக்குவதற்கு, கொண்டுவரும்போது முதலில் நடப்பது டெசலேஷன்: வளைந்த பரப்பைச் சிறு தட்டை முகங்களாக உடைப்பது. ஸ்டெப் (STEP) என்னும் கேட் கோப்பு வகையில் வளைவு சமன்பாடாக இருக்கிறது. ரெண்டருக்கு வேண்டியது முக்கோண வலை. இதற்குத் தமிழில் ‘முக்கோணமாக்கம்’ என்ற சொல் பொருந்தவில்லை. நாற்கோணத்தைக் குறுக்கே வெட்டுவதும் முக்கோணமாக்கம்தான், அங்கே வடிவம் மாறுவதில்லை. இங்கே வளைவே போய்த் தட்டை முகங்கள் வருகின்றன.

என் பரிந்துரை: பட்டையாக்கம். கல்லில் உருண்டைத் தூண் எடுக்கும் சிற்பி சதுரத்தை எட்டுப்பட்டை, பதினாறு பட்டை, முப்பத்திரண்டு பட்டை என்று செதுக்கித்தான் வட்டத்துக்கு வருவார். மென்பொருள் அதே வழியில் திரும்பி நடக்கிறது. 10 மி.மீ. ஆர உருளைக்கு 8 பட்டை போட்டால் வளைவிலிருந்து 0.76 மி.மீ. உள்வாங்கும், 16-க்கு 0.19, 32-க்கு 0.05. இந்த இடைவெளி ‘நாண் விலகல்’.

> என் பரிந்துரை: பட்டையாக்கம்.

சொல் பிடித்திருக்கிறது. ஆனால் வைரத்தில் பட்டை அழகு, ரெண்டரில் பட்டை தெரிந்தால் குறை. இரண்டுக்கும் ஒரே சொல்லா?

நாண் விலகல் மட்டும் போதவும் போதாது. 1 மி.மீ. ஆர ஃபில்லெட்டுக்கு (உருட்டிவிட்ட விளிம்பு) 0.05 கொடுத்தால் கால்வட்டத்துக்கு மூன்றே பட்டை. வெளிக்கோட்டில் தெரியாது, குரோம் பூச்சு போட்டதும் ஒளிக்கீற்று மூன்றாக உடையும். அடுத்தடுத்த பட்டைகளுக்கு இடையே கோண வரம்பும் வேண்டும். நெருக்கக் காட்சிக்கு 5 பாகை வைத்தால் 18 பட்டை விழும். அந்த வரம்புக்கு என்ன பெயர்?

> அந்த வரம்புக்கு என்ன பெயர்?

‘பட்டைக் கோணம்’. வேர் ஒன்றாக இருந்தால் இதுதான் லாபம். செயல் பட்டையாக்கம், குறை ‘பட்டை தட்டுதல்’.

பட்டை தட்டினால் எப்போதும் கோணத்தின் மேல் பழி போட வேண்டாம். பரப்பு எந்தத் திசையைப் பார்க்கிறது என்று சொல்லும் செங்கோட்டை (normal) வைத்துத்தான் ரெண்டரில் ஒளி கணக்காகும். எஸ்டிஎல் (STL) வலைக் கோப்பில் முக்கோணத்துக்கு ஒரு செங்கோடுதான் போகும்; ஜிஎல்டிஎஃப் (glTF) வகையில் முக்கோணத்தின் முனைதோறும் செங்கோடு கூடவே வர முடியும், அதையே எடுங்கள்.

அடுத்தடுத்த முகங்கள் தனித்தனியாகப் பட்டையாவதால் விளிம்பில் முனைகள் இரட்டிக்கும். பிளெண்டர் என்னும் 3டி மென்பொருளில் அவற்றை இணைக்கும் தூரம் இயல்பாக 0.0001 மீட்டர், அதாவது 0.1 மி.மீ. மேலே சொன்ன 18 பட்டையில் ஒன்றின் அகலமே 0.087 மி.மீ.! ஃபில்லெட்டையே விழுங்கிவிடும். 0.00001 ஆக்கிவிட்டு இணையுங்கள்.

இந்த இணைப்புக்கும் சொல் தேவை. பட்டறை வழக்கில் ‘முனைப் பற்றவைப்பு’ என்று எழுதிப் பார்த்தேன், நீளமாக இருக்கிறது. ‘முனையொட்டு’?