நட்டுகள் ஐந்தும் கழன்றுவிட்டன, சக்கரம் மட்டும் வரவில்லை: வழியில் நிற்கிறேன், உதவுங்கள்

கேள்வி

வணக்கம். தெரிந்தவர்கள் கொஞ்சம் சீக்கிரம் சொல்லுங்கள். மொத்தம் 900 கிலோமீட்டர் பயணம். 560 தாண்டிய நிலையில் காரின் பின்பக்க டயர் ஒன்று இறங்கிவிட்டது. டாஷ்போர்டில் காற்றழுத்த விளக்கு எரிந்தது. அடுத்த நிமிடமே வண்டியின் பின்பகுதி அலையத் தொடங்கியது. சாலையோரம் சரிவாக இருந்ததால் அங்கே நிறுத்த மனம் வரவில்லை. ஒரு கிலோமீட்டருக்குச் சற்று அதிகமாக மெல்ல உருட்டி வந்து, லாரிகள் நிற்கும் சமதளமான இடத்தில் நிறுத்தினேன். அம்மாவும் குழந்தைகளும் இறங்கி, வண்டியை விட்டுத் தள்ளி மர நிழலில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

நட்டுகளைத் தரையில் இருக்கும்போதே தளர்த்தி, பிறகு ஜாக்கி போட்டுத் தூக்கினேன். ஐந்தும் கழன்று என் கையில் இருக்கின்றன. சக்கரம் மட்டும் ஹப்பில் (சக்கரம் மாட்டும் அச்சின் தலையில்) ஒட்டவைத்தது போல நிற்கிறது. இழுத்தும் ஆட்டியும் பார்த்துவிட்டேன், இம்மியும் நகரவில்லை. காலால் ஓங்கி உதைக்கலாமா? வண்டி ஜாக்கியிலிருந்து சரிந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

பதில் 1

உதைக்காதீர்கள் நண்பரே, உங்கள் பயம் சரியானதுதான். வண்டியை ஜாக்கியில் வைத்துக்கொண்டு எந்த முரட்டு வேலையும் கூடாது.

அலாய் ரிம் (அலுமினியக் கலவையில் செய்த சக்கரம்) என்றால் இது அடிக்கடி நடக்கும். ரிமின் நடுத்துளை ஹப்பின் மேட்டில் கச்சிதமாக உட்காரும். அந்த இடைவெளியில் ஈரம் புகுந்தால் இரும்புப் பக்கம் துருவும் அலுமினியப் பக்கம் வெள்ளைப் பொடியும் ஏறி, இரண்டையும் இறுக்கிப் பிடித்துவிடும். பல மாதங்கள் கழற்றாத சக்கரத்தில் பிடி இன்னும் அதிகம்.

நட்டுகள் ஐந்தையும் கையால் திரும்ப மாட்டுங்கள். முழுதாக இறுக்கி, பிறகு ஒவ்வொன்றையும் ஒரு சுற்று தளர்த்துங்கள். ஜாக்கியை முழுவதும் இறக்கி எடுத்துவிடுங்கள். வண்டியின் எடை அந்தச் சக்கரத்தில் இறங்கும்போதே பல நேரம் 'டொக்' என்று விட்டுவிடும். விடவில்லை என்றால், பக்கவாட்டில் நின்று உடலைக் கொடுத்து வண்டியை ஆட்டுங்கள். அதற்கும் அசையாவிட்டால் வண்டியை எடுத்து ஒரு மீட்டர் முன்னால் போய் பிரேக், ஒரு மீட்டர் பின்னால் வந்து பிரேக். நடக்கும் வேகம் போதும். நட்டுகள் மாட்டியிருப்பதால் சக்கரம் எங்கும் ஓடிவிடாது. சத்தம் கேட்டதும் நிறுத்தி, மறுபடி ஜாக்கி போடுங்கள்.

பதில் 2 (கார் பழுதுபார்ப்பவர்)

மேலே சொன்ன முறை சரி. இரண்டு விஷயங்களைச் சேர்க்கிறேன் தம்பி.

பெரும்பாலான கார்களில் கைபிரேக் பின்சக்கரங்களைத்தான் பிடிக்கும். நீங்கள் தூக்குவதும் பின்சக்கரம். ஒன்று அந்தரத்தில் இருந்தால் பிடிமானம் பாதிதான். ஆகவே ஜாக்கி போடும்போது முன்சக்கரங்களுக்கு இருபுறமும் பெரிய கல் வையுங்கள். வண்டியைக் கியரிலும் வையுங்கள். ஆட்டோமேட்டிக் என்றால் 'பி'யில். முன்னும் பின்னும் நகர்த்தும் வேலைக்கு முன் கற்களை எடுக்க மறக்க வேண்டாம்.

இரண்டாவது, ஸ்டெப்னியை எடுத்து ஜாக்கிக்குப் பக்கத்தில் வண்டியின் அடியில் படுக்கவைத்துவிடுங்கள். சக்கரத்தைக் கழற்றியதும் அதை அடியில் தள்ளி, ஸ்டெப்னியை வெளியே இழுங்கள். ஒருவேளை ஜாக்கி வழுக்கினாலும் வண்டி டயரின் மேல்தான் உட்காரும். கையையோ காலையோ அடியில் கொண்டுபோகவே கூடாது.

கேட்டவர்

வந்துவிட்டது! எடையை இறக்கியபோது ஒன்றும் ஆகவில்லை. மூன்றாவது முறை பின்னால் வந்து பிரேக் பிடித்தபோது அடியில் ஒரு வெடிச்சத்தம். ஜாக்கியில் தூக்கிக் கழற்றினால், ஒரு குழந்தை இழுத்தாலும் வந்திருக்கும். ஹப்பைச் சுற்றி செம்மண் நிறத்தில் துரு வளையம், ரிமின் துளைக்குள் உப்புப் படிந்தது போன்ற வெள்ளை. நீங்கள் சொன்னது அப்படியே கண்முன் இருந்தது. மிகுந்த நன்றி.

டயரில் ஒரு ஆணி தலைவரை ஏறியிருக்கிறது. பிடுங்கவில்லை.

ஸ்டெப்னி மாட்டிவிட்டேன். ஆனால் அது ஒல்லியான தற்காலிக வகை. பக்கச்சுவரில் 60 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) என்று அச்சிட்டிருக்கிறது, அளந்தால் 38தான். இன்னும் 340 கிலோமீட்டர் இருக்கிறது. இதை வைத்துக்கொண்டே போய்ச் சேர்ந்துவிடலாமா?

பதில் 3

நான் ஒருமுறை இதே போன்ற டயரில் 300 கிலோமீட்டர் போயிருக்கிறேன். 100 வேகத்திலும் ஓட்டினேன். ஒன்றும் ஆகவில்லை. காற்றை மட்டும் அடித்துக்கொள்ளுங்கள்.

பதில் 4

மன்னிக்கவும், மேலே சொன்னவருக்கு நல்ல நேரம் இருந்தது. குழந்தைகளோடு போகிறவருக்கு அதை வழிமுறையாகச் சொல்லக்கூடாது.

அந்த டயரிலேயே 80 கிலோமீட்டர் வேகம் என்று அச்சிட்டிருப்பார்கள், பாருங்கள். எவ்வளவு தூரம் என்பது வண்டியின் கையேட்டில் இருக்கும்; பல வண்டிகளில் அதுவும் 80 கிலோமீட்டரை ஒட்டித்தான். அதன் ரப்பர் மெல்லியது, தரையைத் தொடும் பரப்பு குறைவு. பிரேக் பிடித்தால் நிற்க அதிகத் தூரம் வேண்டும். ஈரச் சாலையில் இன்னும் அதிகம். 38 பிஎஸ்ஐயில் அந்தச் சிறிய டயர் முழுச் சுமையைத் தாங்கினால் சூடேறிப் பக்கச்சுவர் நொந்துவிடும். முதலில் 60 வரை காற்றடியுங்கள், பிறகுதான் பயணம்.

டிக்கியில் கனமான பெட்டிகள் இருந்தால் முன்பக்கமாகவும் நடுவிலும் மாற்றிவையுங்கள். அருகில் டயர் வேலை செய்யும் இடம் எது என்று பார்த்து அங்கேயே போங்கள், அது பயணத்தின் திசையில் இல்லாவிட்டாலும் சரி.

ஒன்று நிம்மதி: ஸ்டெப்னி பின்னால் இருக்கிறது. முன்சக்கர இயக்க வண்டியில் முன்டயர் பஞ்சரானால், நல்ல பின்டயரை முன்னால் மாற்றி, ஸ்டெப்னியைப் பின்னால் போடுவது உத்தமம். வேலை இரட்டிப்புதான். ஆனால் திருப்புவதும், இழுப்பதும், பிரேக்கின் பெரும்பகுதியும் முன்டயர்கள் மேல்தான் விழுகின்றன.

கேட்டவர்

பக்கத்தில் நின்றிருந்த லாரி ஓட்டுநரிடம் காற்று வாங்கி 60 வைத்துக்கொண்டேன். 70ஐத் தாண்டாமல் ஓட்டி, 45 கிலோமீட்டரில் ஒரு டயர் கடைக்கு வந்திருக்கிறேன். ஆணி ஏறியது தரையைத் தொடும் பகுதியில்தான், பக்கச்சுவரில் இல்லை. ரிமிலிருந்து கழற்றவே வேண்டாம், வெளியிலிருந்தே ரப்பர் திரியைச் சொருகிப் பத்து நிமிடத்தில் தருகிறேன் என்கிறார்கள். சம்மதிக்கலாமா ஐயா?

பதில் 2 (கார் பழுதுபார்ப்பவர்)

சம்மதிக்க வேண்டாம். கழற்றி உள்ளே பார்க்கச் சொல்லுங்கள்.

ஆணி மட்டும் பிரச்சினை என்றால் கவலையே இல்லை. தரையைத் தொடும் பகுதியில் 6 மில்லிமீட்டருக்கு உட்பட்ட துளையை, துளையை அடைக்கும் ரப்பர் தண்டும் உட்புறம் ஒட்டிக்கொள்ளும் தகடும் சேர்ந்த பட்டியை உள்ளிருந்து போட்டு நன்றாகவே சரிசெய்யலாம். வெளியிலிருந்து சொருகும் திரி, அடுத்த கடை வரை போய்ச் சேர்வதற்கு உதவும். அதை நம்பி நெடுந்தூரம் போகக்கூடாது.

எனக்குக் கவலை உங்கள் முதல் பதிவில் இருக்கும் அந்த 'ஒரு கிலோமீட்டருக்குச் சற்று அதிகம்'. சாலையோரச் சரிவில் நிறுத்தாதது சரியான முடிவு, அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் காற்றில்லாமல் உருளும்போது பக்கச்சுவர் ரிமுக்கும் தரைக்கும் நடுவில் சிக்கி, ஒவ்வொரு சுற்றிலும் மடிந்து நிமிர்கிறது. உள்ளே இருக்கும் நூல்கள் அறுந்துவிடும். காற்றடித்தால் வெளிப்பார்வைக்கு எதுவும் தெரியாது. கழற்றியதும் இரண்டைப் பாருங்கள்: உள்ளே கரும்பொடி கிடக்கிறதா, பக்கச்சுவரின் உட்புறத்தில் சுற்றிலும் தேய்ந்த பட்டையோ சுருக்கமோ ஓடுகிறதா? இருந்தால் அந்த டயரின் கதை முடிந்தது. அதில் பட்டி போட ஒப்புக்கொள்ளும் கடையிலிருந்து கிளம்பிவிடுங்கள்.

கேட்டவர்

கழற்றினார்கள். ரிமிலிருந்து டயர் விடுபட்டதும் அவர் அதைச் சாய்த்தார். காப்பித்தூள் போலக் கரும்பொடி ஒரு பிடி கொட்டியது. உள்ளே விரல் வைத்துத் தடவிப் பார்த்தேன். மற்ற இடமெல்லாம் வழவழப்பு, பக்கச்சுவரில் மட்டும் இரண்டு விரல் அகலத்துக்கு உப்புத்தாள் போலச் சொரசொரப்பு, முழு வட்டமாக. ஓரிடத்தில் நூல் வெளியே தெரிந்தது. வெளியில் ஒரு கீறல்கூட இல்லை. திரி சொருகிக்கொண்டு கிளம்பியிருந்தால், அதன் மேல்தான் குழந்தைகள் உட்கார்ந்து வந்திருப்பார்கள்.

புதிய டயர் வாங்குகிறேன். கவனிக்க வேண்டியது ஏதாவது இருக்கிறதா?

பதில் 4

பழைய டயரின் அளவு, சுமைக்குறியீடு, வேகக்குறியீடு மூன்றும் பொருந்த வேண்டும். பக்கச்சுவரில் 'டாட்' (DOT) என்று தொடங்கும் எழுத்துகளின் முடிவில் நான்கு இலக்கங்கள் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் தயாரானது. கடையில் பல ஆண்டுகள் கிடந்ததை வாங்காதீர்கள். காற்றழுத்தத்துக்கு ஓட்டுநர் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் தாளைப் பாருங்கள்; முழுச் சுமைக்குத் தனி அளவு கொடுத்திருந்தால் உங்களுக்கு அதுதான். தற்காலிக ஸ்டெப்னி போலன்றி, சாதாரண டயரில் அச்சிட்டிருப்பது அது தாங்கும் உச்ச அளவு.

பதில் 2 (கார் பழுதுபார்ப்பவர்)

மாட்டுவதற்கு முன் ஹப்பைக் கம்பித் தூரிகையால் தேய்த்துத் துருவை எடுக்கச் சொல்லுங்கள். துருச் செதில் இடையில் மாட்டினால் சக்கரம் சமமாக உட்காராது, நட்டும் பிறகு தளரும். ஹப்பின் நடு மேட்டில் மட்டும் மெல்லிய மசகுப் பூச்சு போதும். நட்டின் மரையிலோ பிரேக்கிலோ படவே கூடாது. நட்டுகளை எதிரெதிராக மாற்றி மாற்றி இறுக்கி, கடைசியில் டார்க் ரெஞ்சால் (இறுக்கும் விசையை அளக்கும் ஸ்பேனரால்) கையேட்டு அளவுக்கு முடிக்க வேண்டும். 50 முதல் 100 கிலோமீட்டருக்குள் நிறுத்தி ஒருமுறை சரிபாருங்கள் தம்பி.

கேட்டவர்

80 கிலோமீட்டரில் நிறுத்திப் பார்த்தேன். மூன்று நட்டுகள் அசையவில்லை. மற்ற இரண்டும் கால் சுற்று இறுகின.

இரவு ஊர் வந்து சேர்ந்துவிட்டோம். காலையில் மற்ற மூன்று சக்கரங்களையும் ஒவ்வொன்றாகக் கழற்றி, ஹப்பைத் தேய்த்து மாட்டப்போகிறேன்.