நத்தம் ரோட்டில் ராத்திரி வண்டி ஓட்டுகிறவர்களுக்கு ஒரு கேள்வி

கேட்டவர்: லோடுவண்டிக்காரன்

நத்தத்திலிருந்து மதுரை மாட்டுத்தாவணிக்கு மாம்பழ லோடு ஓட்டுகிறேன். வண்டி குட்டியானைதான். ராத்திரி இரண்டரைக்குக் கிளம்பினால்தான் ஏலத்துக்குப் போய்ச் சேர முடியும். போன செவ்வாய்க்கிழமை சத்திரப்பட்டிக்கு முன்னால் இடதுபக்க முள்ளுக்காட்டிலிருந்து ஒரு காட்டுப்பன்றி பாய்ந்தது. பிரேக் அடித்தேன், தப்பியது. அப்பாடா என்று காலை எடுத்ததும் இன்னொன்று! பம்பர் நொறுங்கி, ரேடியேட்டர் ஒழுகி, விடிகிறவரை பழத்துக்குக் காவலாக ரோட்டோரம் உட்கார்ந்திருந்தேன். பன்றி உதறிக்கொண்டு எழுந்து போய்விட்டது.

இதுவே காட்டுமாடாக இருந்திருந்தால்? தோப்புப் பக்கம் இறங்கி நிற்பதை நானே பார்த்திருக்கிறேன். ஹாரன் அடிக்கவா, ஒடித்துத் திருப்பவா? பம்பரில் ஊதல் மாதிரி ஒன்றை மாட்டினால் விலங்கு ஓடிவிடும் என்கிறார்கள், வாங்கலாமா?

பதில்: பழைய பஸ்காரர்

தம்பி, உங்களை இடித்தது இரண்டாவது பன்றி. பாதிப் பதில் அதிலேயே இருக்கிறது. பன்றியோ மானோ ஒன்று தாண்டினால், இன்னும் இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். தாய்க்குப் பின்னால் குட்டிகள் வரிசைகட்டி வரும். பிரேக்கிலேயே காலை வைத்துப் பத்து வரை எண்ணிவிட்டு நகருங்கள்.

இருபத்தாறு வருஷம் பஸ் ஓட்டினேன். ஆண்டிபட்டி கணவாய், கொடைக்கானல் மலை இரண்டும் அத்துப்படி. காட்டுமாடு முழுசாக லைட்டில் தெரியும் என்று நம்பாதீர்கள். உடம்பு தார் ரோட்டோடு தாராகக் கலந்துவிடும். முழங்காலுக்குக் கீழே உள்ள வெள்ளைதான் முதலில் தெரியும். ஒருநாள் பெருமாள்மலைக்குக் கீழே ரோட்டோரம் கிலோமீட்டர் கல் நிற்கிறது என்று நினைத்தேன். கல் நடந்தது. பெரிய காளை ஆயிரம் கிலோ வரை வரும், பஸ்ஸே தாங்காது. குட்டியானை எம்மாத்திரம்?

டிம் லைட் நாற்பது, ஐம்பது மீட்டர்தான் காட்டும். எண்பதில் போகிறவர் கண்ணால் பார்த்து, கால் பிரேக்குக்குப் போய், வண்டி நிற்பதற்குள் அறுபது மீட்டர் ஓடிவிடும். அதுவும் காய்ந்த ரோட்டில், நல்ல டயரில். ஐம்பதில் போனால் முப்பதுக்குள் நின்றுவிடலாம். உங்களுக்கு லோடு வேறு இருக்கிறது. பின்னால் வருகிறவன் திட்டினால் திட்டட்டும், இடதில் ஒதுங்கி வழி விடுங்கள்.

ஒடிக்கவே கூடாது. பழத்தோடு குடைசாய்ந்துவிடும். ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து பிரேக்கை அழுத்துங்கள். எதிரே வண்டி இல்லாதபோது பிரைட் போட்டால் தூரத்திலேயே கண் மின்னுவது தெரியும். தெரிந்ததும் டிம் பண்ணிவிடுங்கள், கண் கூசினால் அது நின்ற இடத்திலேயே நின்றுவிடும். ஹாரன் இரண்டு தட்டு போதும். காட்டுமாட்டுக்கு அதுவும் வேண்டாம். அது போகிறவரை காத்திருங்கள், கீழே மட்டும் இறங்காதீர்கள். ஊதல் காசுக்குக் கேடு.

பதில்: ஸ்கூட்டிக்காரி

அழகர்கோயில் ரோட்டில் எனக்குப் பன்றியை விட மயில்தான் பயம். காலை ஆறரைக்கு அப்பன்திருப்பதியிலிருந்து கிளம்புவேன். மயில் சட்டென்று மேலே ஏறாது. நாலு எட்டு ஓடி, கனத்த தோகையை இழுத்துக்கொண்டு சரியாக நம் முகத்து உயரத்தில் ரோட்டைத் தாண்டும். வயலில் நீலக் கழுத்து தெரிந்தாலே ஆக்ஸிலேட்டரை விட்டுவிடுவேன். அப்புறம், காரை நிறுத்திக் குரங்குக்கு வாழைப்பழம் போடுகிற புண்ணியவான்களே, பழத்துக்கு ரோட்டில் உட்கார்ந்து பழகிய குரங்கு அடுத்த காரில் அடிபடுகிறது.

பதில்: மேலூரான்

பன்றி எழுந்து போனது நல்லதாகப் போயிற்று. இல்லாவிட்டால் விடிவதற்குள் கூறு போட ஆள் வந்திருக்கும் 😄

பதில்: பழைய பஸ்காரர்

சிரிக்காதீர்கள். அடிபட்டு விழுந்ததைத் தூக்கிப் போனாலும் 1972-ஆம் வருஷத்து வனவிலங்குச் சட்டத்தில் கேஸ்தான். விழுந்து கிடந்தால் தொடாமல் 112-க்குச் சொல்லுங்கள். தம்பி, இன்சூரன்ஸ் எது? தேர்ட் பார்ட்டி மட்டும் என்றால் வண்டிச் செலவுக்குப் பைசா வராது.

கேட்டவர்: லோடுவண்டிக்காரன்

தேர்ட் பார்ட்டிதான் ஐயா, எல்லாம் கைக்காசு. இப்போது இரண்டு மணிக்கே கிளம்பி ஐம்பதில் போகிறேன். நேற்று அதே இடத்தில் ஒரு முயல் தாண்டியது. நிறுத்திப் பத்து எண்ணினேன். ஒன்றும் வரவில்லை. பின்னால் வந்த பால்வண்டிக்காரர்தான் இறங்கி வந்து, “தூங்கிட்டீங்களாண்ணே?” என்று கண்ணாடியைத் தட்டினார்.