கடினமான விளையாட்டா, அநியாயமான விளையாட்டா? குமரி மாவட்டத்து அனுபவங்கள் சில

நாகர்கோவிலிலிருந்து

கடினமான வீடியோ கேம்களைப் பற்றிப் பேச்சு எழுந்தாலே இரண்டு கட்சிகள் உருவாகிவிடுகின்றன. முடியாதவர்கள் விலகிக்கொள்ளட்டும் என்பது ஒரு கட்சி. காசு கொடுத்து வாங்கியவருக்குக் கடைசிவரை பார்க்கும் உரிமை உண்டு என்பது மற்றொரு கட்சி. எனக்கு இரண்டிலும் உடன்பாடில்லை. எதிரி எவ்வளவு பலசாலி என்பதை நான் பொருட்படுத்துவதில்லை. தோற்றபின் அதே இடத்திற்குத் திரும்பிவர நான் என்ன கொடுக்க வேண்டியிருக்கிறது, என்னை வீழ்த்தியது எது என்பதை விளையாட்டு எனக்குக் காட்டியதா என்ற இரண்டையும் வைத்தே ஒரு விளையாட்டை நியாயமானது என்றோ அநியாயமானது என்றோ சொல்வேன்.

இந்த எண்ணம் எனக்குள் வேரூன்றியது வடசேரிப் பக்கத்தில் இருந்த ஒரு பிரவுசிங் சென்டரில். எங்கள் தலைமுறையில் புராஜெக்ட் ஐஜிஐ ஆடாத பையன்கள் நாகர்கோவிலில் குறைவு. 2000ஆம் ஆண்டில் வெளிவந்த அந்த விளையாட்டில் 14 பணிகள் உண்டு. ஆனால் ஒரு பணியின் நடுவில் சேமித்து வைக்க வழியே கிடையாது. முள்வேலியைத் தாண்டி, கண்காணிப்புக் கேமராக்களை ஏமாற்றி, காவல் கோபுரத்தில் நிற்பவனை வீழ்த்தி, கணினி அறைக்குள் நுழையும் நேரத்தில் எங்கிருந்தோ வரும் ஒரு தோட்டா எல்லாவற்றையும் முடித்துவிடும். பிறகு மறுபடியும் முள்வேலியிலிருந்து தொடங்க வேண்டும். அபாய மணி ஒலித்துவிட்டால் பாசறையிலிருந்து வீரர்கள் வந்துகொண்டே இருப்பார்கள்.

வீட்டில் சொந்தக் கணினி வைத்திருந்தவர்களுக்கு இது பதற்றம் தரும் விளையாட்டு, அவ்வளவுதான். ஒரு பணியை முழுமூச்சாக முடித்தாக வேண்டும் என்ற கட்டாயம்தான் ஒவ்வோர் அடியையும் கவனமாக வைக்கத் தூண்டுகிறது என்று அவர்கள் சொல்வதை நான் மறுக்கவில்லை. மணிக்கணக்கில் காசு கொடுத்து ஆடியவர்களுக்கோ அதே விதி வேறு பொருள் கொண்டது. பணியின் கடைசிக் கட்டத்தில் நிற்கும்போது பின்னாலிருந்து, "மக்கா, நேரம் முடிஞ்சிட்டு, எந்திரி" என்று குரல் வரும். ஐப்பசி மழைக்காலமாக இருந்தால் அந்தக் குரலுக்கு முன்பே மின்சாரம் போய்விடும். பணியை முடித்திருந்தாலும் உறுதியில்லை. கணினியை அணைத்துத் திறந்தால் பழைய நிலைக்கே திரும்பும்படி செய்யும் மென்பொருளை அங்கே போட்டிருந்ததால், முடித்த பணிகளின் பதிவும் மறுநாள் இருக்காது. அங்கே என்னைத் தோற்கடித்தது விளையாட்டு வடிவமைத்த எதிரி மட்டுமல்ல என்பதால், அந்தத் தோல்விகளிலிருந்து நான் எதையும் கற்கவில்லை.

வைஸ் சிட்டி விளையாட்டில் கட்டுமானக் கட்டடத்திற்குள் பொம்மை ஹெலிகாப்டரை ஓட்டி நான்கு குண்டுகளை வைக்கும் பணியை இதற்கு அடுத்தபடியாகச் சொல்வேன். கணினியில் அதை ஆடியவர்கள் விசைப்பலகையின் இடப்பக்க எழுத்துகளால் ஏற்றி இறக்கி, வலப்பக்க எண்களால் முன்னும் பின்னும் சாய்க்க வேண்டும். நான் ஆடிய பலகையில் எண்விசைகள் தேய்ந்து, அழுத்தினால் ஒரு முறை வேலை செய்யும், மறு முறை செய்யாது. ஆயினும் இந்தப் பணியை அநியாயமானது என்று நான் சொல்ல மாட்டேன். முதல் குண்டை எடுக்கும்வரை கடிகாரம் ஓடத் தொடங்காது. அதற்குள் எல்லாத் தளங்களையும் சுற்றிப் பார்த்து, தடுக்கும் ஆட்களை இறக்கையாலேயே வீழ்த்திவிட்டு, பாதையை மனத்தில் பதித்துக்கொள்ளலாம். அவசரப்படுபவனுக்கு அது மலைபோல் தெரியும். நின்று பார்ப்பவனுக்கு வழி விடும். எனக்குப் பிடித்த கடினம் இந்த வகையைச் சேர்ந்தது.

தயாரிப்பாளர்கள் விளையாட்டிற்கு வெளியே உள்ள காரணங்களுக்காகக் கடினத்தை ஏற்றியதும் உண்டு. 1994இல் வந்த தி லயன் கிங் விளையாட்டின் இரண்டாம் கட்டத்தில் குரங்குகள் சிங்கக்குட்டியைத் தூக்கி எறியும் புதிர் பலரை அங்கேயே நிறுத்தியது. வாடகைக்கு எடுத்துச் செல்பவர்கள் ஒரே வார இறுதியில் முடித்துத் திருப்பிக் கொடுத்துவிடக் கூடாது என்பதற்காகவே அதைக் கடினமாக்கினார்கள் என்று, அதை உருவாக்கிய நிறுவனத்தின் நிறுவனர்களுள் ஒருவரான லூயிஸ் காசில் பின்னாளில் கூறியிருக்கிறார். அமெரிக்காவின் வாடகைக் கடைக்காகப் போட்ட பூட்டை, வாடகைக் கடை என்றால் என்னவென்றே தெரியாத நாகர்கோவில் பையன் உடைக்கப் போராடியிருக்கிறான்.

மார்த்தாண்டத்திலிருந்து

நாகர்கோவில் அண்ணன் சொல்லும் காலத்திற்குச் சற்று முந்தையது என் அனுபவம். தொலைக்காட்சியில் இணைத்து ஆடும் டிவி கேம் பெட்டியை வளைகுடாவிலிருந்து வந்த என் மாமா கொண்டுவந்தார். அதன் கேசட்டின் மேல் எத்தனையோ இலட்சம் விளையாட்டுகள் என்று அச்சிட்டிருக்கும். உள்ளே பார்த்தால் அதே பத்துப் பதினைந்து விளையாட்டுகள்தான் பெயர் மாறி மாறி வரும். அவற்றில் நாங்கள் விடாமல் ஆடியது கான்ட்ரா. ஒரு தோட்டா பட்டால் ஓர் உயிர் போகும், உயிர்கள் மூன்றே. சேமிப்பு என்ற பேச்சுக்கே இடமில்லை.

மேல், மேல், கீழ், கீழ், இடம், வலம், இடம், வலம், பி, ஏ என்ற வரிசையை அழுத்தினால் 30 உயிர்கள் கிடைக்கும் என்பதைத் தெருவில் ஒருவன் கணக்கு நோட்டின் பின்னட்டையில் எழுதி வைத்திருந்தான். அதைப் பயன்படுத்துவது கள்ளத்தனம் என்று எங்களுக்குள் பெரிய சண்டையே நடந்தது. அந்த வரிசை முதலில் இடம்பெற்றது 1986இல் வீட்டுப் பெட்டிக்கு வந்த கிராடியஸ் விளையாட்டில் என்பதை நான் வெகுகாலம் கழித்துத்தான் படித்தேன். அதை உருவாக்கிய கசுஹிசா ஹஷிமோட்டோவுக்கே அந்த விளையாட்டைச் சோதித்துப் பார்க்க முடியாத அளவு கடினமாக இருந்ததால், தன் வசதிக்காக அதை உள்ளே வைத்திருக்கிறார். வெளியிடும்போது அது நீக்கப்படாமல் நின்றுவிட்டது. ஆக்கியவருக்கே கைத்தடி தேவைப்பட்ட இடத்தில், பத்து வயதுப் பிள்ளை அதைப் பயன்படுத்தியதைக் கள்ளத்தனம் என்று சொல்ல எனக்கு இப்போது மனம் வரவில்லை.

எனினும் ஒரு விஷயத்தில் மாறுபடுகிறேன். திரும்பிவரும் விலை அதிகமாக இருந்ததால்தான் நாங்கள் அருவிக் கட்டத்தின் ஒவ்வொரு படியையும் கண்ணை மூடிக்கொண்டு சொல்லும் அளவுக்கு அறிந்திருந்தோம். பத்து அடிக்கு ஒரு சேமிப்பு இருந்திருந்தால் அந்த நினைவு எங்களுக்குக் கிடைத்திருக்காது.

குளச்சலிலிருந்து

விளையாட்டு காட்டுகிறதா என்ற கேள்வியை முதல் பதிவில் படித்ததும் என் நினைவுக்கு வந்தது செகிரோ என்ற வாள்சண்டை விளையாட்டு. 2019 மார்ச்சில் வெளிவந்த அதில் கடினத்தைக் குறைத்துக்கொள்ளும் தெரிவே கிடையாது. அதனாலேயே உலகம் முழுவதும் பெரிய விவாதம் எழுந்தது. எதிரியின் வாள் நம்மீது படும் நொடியில் விசையை அழுத்தித் தட்டிவிடுவதே அதில் போரின் சாரம். தட்டித் தட்டி அவன் நிலைகுலையும்போது ஒரே வெட்டில் முடிக்க வேண்டும்.

அதில் வரும் அஷினா கோட்டையின் உச்சியில் கெனிசிரோ என்ற எதிரியிடம் நான் பட்ட பாட்டைச் சொல்லி மாளாது. அவன் வாளை ஓங்குவது தெரிகிறது, அழுத்துகிறேன், ஆனாலும் அடி விழுகிறது. சவத்தைத் தூக்கிப் போட்டுவிடலாம் என்ற வெப்ராளம் வந்தது. அதே விளையாட்டை என் அண்ணன் மகன் மேசைக் கணினித் திரையில் ஆடி, "சித்தப்பா, இவன் அடிக்கிறது தாளம் மாதிரி வருது" என்று சொல்லிக்கொண்டே எதிர்கொண்டான். அவன் கை என் கையைவிட விரைவு என்று முதலில் எண்ணினேன். அதே பையன் வரவேற்பறைத் தொலைக்காட்சியில் ஆடியபோது அவனும் அடிபட்டான்.

காரணம் தொலைக்காட்சிதான். இன்றைய பெரிய தொலைக்காட்சிகள் படத்தை மெருகேற்றுவதற்காக ஒவ்வொரு படச்சட்டத்தையும் சற்றே பிடித்து வைத்துக்கொண்டு பிறகு காட்டுகின்றன. நொடிக்கு 60 சட்டங்கள் ஓடும் விளையாட்டில் ஒரு சட்டத்தின் ஆயுள் ஏறத்தாழ 16.7 மில்லிநொடி, தொலைக்காட்சி 100 மில்லிநொடி தாமதித்தால் நாம் பார்ப்பது ஆறு சட்டங்களுக்கு முந்தைய வாள். அமைப்புகளில் கேம் மோட் என்று ஒன்றைத் தேடிப்பிடித்துப் போட்டோம். அன்றிரவே கெனிசிரோவின் தாளம் எனக்கும் கேட்டது. அதன்பின் அவன் எளிதாகிவிடவில்லை. நான் எதில் தவறுகிறேன் என்பது தெரியத் தொடங்கியது, அவ்வளவே.

செகிரோவை அநியாயம் என்று எழுதுபவர்களுள் எத்தனை பேர் தங்கள் தொலைக்காட்சியோடு சண்டையிட்டுக்கொண்டிருக்கிறார்களோ என்ற ஐயம் எனக்கு உண்டு. அதே வேளையில், இவ்வளவு நுண்ணிய நேரத்தைக் கேட்கும் விளையாட்டு, தாமதத்தை அளந்து பார்க்க ஒரு சிறு சோதனைத் திரையையாவது தொடக்கத்தில் தந்திருக்கலாம். பாட்டுக்கேற்பத் தட்டும் விளையாட்டுகளில் அது வழக்கமாகவே இருக்கிறது.

தக்கலையிலிருந்து

அண்ணன்மார் மூவரும் எழுதியதை ஆர்வத்தோடு படித்தேன். மூவரின் பேச்சிலும் ஒரு பொதுக் கை இருக்கிறது: விரைவாகவும் வலியில்லாமலும் இயங்கும் கை. எனக்கு வலது மணிக்கட்டில் நரம்புக் கோளாறு உண்டு. தையல் வேலை செய்த ஆண்டுகளின் மிச்சம் அது. கால் மணி நேரம் விசைகளை விரைந்து அழுத்தினால் அன்று மாலை தண்ணீர்க் குடத்தைத் தூக்க முடியாது. திரும்பிவரும் விலையே நியாயத்தின் அளவுகோல் என்றால், ஒரே விளையாட்டு உங்களிடம் ஒரு விலையும் என்னிடம் பல மடங்கும் கேட்கிறது.

2018இல் வந்த செலஸ்டே என்ற விளையாட்டு, மலை ஏறும் ஒரு பெண்ணைப் பற்றியது. துல்லியமாகத் தாவ வேண்டிய, மிகக் கடினமான விளையாட்டு. அதில் உதவி முறை என்ற ஒன்றைத் திறந்தால் விளையாட்டின் வேகத்தைப் படிப்படியாகப் பாதிவரை குறைக்கலாம், பிடித்துத் தொங்கும் ஆற்றலைத் தீராததாக்கலாம், வேண்டுமானால் சாகாமலே ஆடலாம். நான் வேகத்தை மட்டும் குறைத்தேன். புதிர்கள் அப்படியே இருந்தன. எங்கே தாவுவது, எப்போது பாய்வது என்பதை நானேதான் கண்டுபிடித்தேன். ஹேடிஸ் விளையாட்டில் காட் மோட் போட்டால் வாங்கும் அடியில் முதலில் 20 விழுக்காடு குறைகிறது; ஒவ்வொரு சாவுக்கும் மேலும் 2 விழுக்காடு குறைந்து 80 வரை செல்கிறது. தோற்கத் தோற்க இறங்கி வந்து கைகொடுக்கும் அந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்தது.

கப்ஹெட் என்ற விளையாட்டு அதற்கு நேர் எதிர். எளிய முறை இருக்கிறது. ஆனால் அதில் வென்றால் எதிரிகளின் ஆன்ம ஒப்பந்தங்கள் கிடைக்காது, அவை இல்லாமல் கடைசி எதிரிகளிடம் போகவே முடியாது. விருந்துக்கு அழைத்துவிட்டு வாசலிலேயே இலை போட்ட மாதிரி இருந்தது எனக்கு. எளிய முறையே இல்லாத செகிரோவின்மீதுகூட எனக்கு இவ்வளவு வருத்தம் இல்லை. அது எதையும் தருவதாகச் சொல்லி ஏமாற்றவில்லை.

குலசேகரத்திலிருந்து

எனக்குத் தனியாள் விளையாட்டுகளில் பழக்கம் குறைவு. ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே எங்கள் வீடு. இரண்டு கோடு சிக்னல் வந்தாலே பெரிய காரியம். நண்பர்களோடு இணையத்தில் சேர்ந்து ஆடும் பிஜிஎம்ஐ என்ற சுடும் விளையாட்டில், பிங் (செய்தி சர்வருக்குப் போய்த் திரும்ப ஆகும் நேரம்) சில வேளைகளில் 200 மில்லிநொடியைத் தாண்டுகிறது. சுவருக்குப் பின்னால் பதுங்கிவிட்டேன் என்று என் திரை காட்டிய பிறகும் நான் சுடப்பட்டுச் சாகிறேன். என்னைக் கொன்றது எது என்று விளையாட்டு காட்ட வேண்டும் என்றால், இங்கே அது பொய்யல்லவா காட்டுகிறது? இதைக் கடினம் என்பதா, அநியாயம் என்பதா?

மீண்டும் நாகர்கோவிலிலிருந்து

குலசேகரத்துத் தம்பிக்கு: திரை வேண்டுமென்றே பொய் சொல்லவில்லை. நீங்கள் சுவருக்குப் பின்னால் ஒதுங்கிய செய்தி சர்வருக்குப் போய்ச் சேரும் முன்பே, எதிராளியின் திரையில் நீங்கள் இன்னும் வெளியில் நிற்கிறீர்கள்; அவர் சுடுகிறார். இத்தகைய விளையாட்டுகள் பல, சுட்டவர் தம் திரையில் கண்டதற்கே மதிப்பளிக்கும்படி அமைக்கப்பட்டிருக்கின்றன. இல்லாவிட்டால் குறிபார்த்துச் சுட்டும் படவில்லை என்று எல்லோரும் குறை சொல்வார்கள். உங்கள் பிங் உயர உயர, நீங்கள் பதுங்கியதும் அவர் அதை அறிவதும் விலகிக்கொண்டே போகும். அந்தச் சாவில் நீங்கள் கற்றுக்கொள்ள ஏதுமில்லை என்பதால், என் கணக்கில் அது அநியாயம்தான். அதை எந்தப் பயிற்சியாலும் வெல்ல முடியாது. மூலையில் பதுங்கி எட்டிப் பார்த்து ஆடும் முறையை விட்டு, தொலைவிலிருந்து ஆடும் இடங்களைத் தேர்ந்தெடுத்தால் பாதிப்பு குறையும்.

தக்கலைத் தங்கை எழுப்பியதற்கு என்னிடம் முழு விடை இல்லை. ஒன்று மட்டும் சொல்லலாம். செகிரோவை உருவாக்கியவர்களின் இன்னொரு விளையாட்டான எல்டன் ரிங்கிலும் எளிய முறை கிடையாது. 2024 ஜூனில் அதன் விரிவாக்கம் வந்தபோது, அதன் எதிரிகள் வரம்பு மீறிய பலம் கொண்டிருப்பதாகக் கடினத்தை விரும்பும் கூட்டமே முணுமுணுத்தது. அங்கே தேடிச் சேர்க்கும் அருள்துண்டுகள் தொடக்க நிலைகளில் தரும் பலத்தை, வெளிவந்த சில நாட்களிலேயே தயாரிப்பாளர்கள் ஒரு திருத்தத்தின் மூலம் உயர்த்திவிட்டார்கள். எளிய முறை கூடாது என்ற கொள்கையை அவர்கள் கைவிடவில்லை. ஆனால் எண்களை மாற்றினார்கள். அப்படி மாற்ற முடியும் என்றால், அந்த எண்களில் சிலவற்றை ஆடுபவர் கையிலேயே விட்டுவிடுவதற்கு என்ன தடை என்று நானும் இப்போது கேட்கிறேன். மார்த்தாண்டத்து நண்பர் வேண்டுமானால் தம் மூன்று உயிர்களோடு அருவியில் ஏறட்டும்; அவரை யாரும் 30 உயிர்கள் எடுக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்தப் போவதில்லை.