கார்டியக் அனஸ்தீசியா: டி.எம். முடித்துவிட்டுக் கற்பிக்கப் போகலாமா?

கேள்வி (எம்.டி. இறுதியாண்டு, மதுரை):
நீட் எஸ்எஸ் (எம்.டி.க்குப் பிந்தைய சிறப்புப் படிப்புகளுக்கான நுழைவுத் தேர்வு) எழுதி, இதய அறுவைக்கு மயக்கம் கொடுக்கும் துறையான டி.எம். கார்டியக் அனஸ்தீசியா சேர ஆசை. இன்னும் 3 வருடம். அப்புறம் கார்ப்பரேட் போகாமல் மருத்துவக் கல்லூரியில் கற்பித்துக்கொண்டே ஆய்வும் செய்ய நினைக்கிறேன். வீட்டில் "இன்னும் எத்தனை வருஷம் படிப்பே?" என்கிறார்கள். ஆய்வுக்கு உண்மையில் நேரம் கிடைக்கிறதா?

பதில் (பேராசிரியை, அரசு மருத்துவக் கல்லூரி):
சேருங்கள் அம்மா. 16 வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன். நேரம் தானாகக் கிடைக்காது. ஆனால் ஆய்வுக்கான கேள்வி தியேட்டரிலேயே கிடைக்கும்.

இதய-நுரையீரல் பம்பில் ஓடும் பைபாஸ் முடிந்து, ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுத்த ஹெப்பாரினை முறிக்கப் புரோட்டமின் கொடுக்கும் நேரத்தைச் சொல்கிறேன். "புரோட்டமின் தொடங்குகிறேன்" என்று மாணவர் உரக்கச் சொல்ல வேண்டும். பம்பை இயக்கும் பெர்ஃப்யூஷனிஸ்ட் "சக்‌ஷன் நிறுத்தியாச்சு" என்ற பிறகுதான் சிரிஞ்சில் கை வைக்கலாம். புரோட்டமின் கலந்த ரத்தம் உறிஞ்சப்பட்டுப் பம்புக்குள் போனால் சர்க்யூட் உறைந்துவிடும். வேகமாகத் தள்ளினால் பிரஷர் விழும். சிலருக்கு நுரையீரல் தமனி அழுத்தம் ஏறி வலது இதயம் உப்பிவிடும். மாணவரின் பெருவிரல் மேல் என் விரலை வைத்துக்கொள்வேன். கண் மானிட்டரில் இருக்கும். எத்தனை வகுப்பு எடுத்தாலும் அந்த நிதானம் கையிலிருந்து கைக்குத்தான் போகிறது.

எங்கள் மேசைக்கு ருமாட்டிக் காய்ச்சலால் மைட்ரல் வால்வு சுருங்கிய இளம்பெண்கள் நிறைய வருகிறார்கள். நுரையீரல் அழுத்தம் ஏற்கெனவே ஏறியிருக்கும். அவர்களுக்கு எது பாதுகாப்பு என்று நாம்தானே தேட வேண்டும்?

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். 2018 ஏப்ரலிலிருந்து, முதல் நோயாளியைச் சேர்க்கும் முன்பே ஆய்வை இந்தியாவின் கிளினிக்கல் டிரையல் பதிவேடான சிடிஆர்ஐயில் பதிந்தாக வேண்டும். எத்திக்ஸ் கமிட்டி ஒப்புதலே போதும் என்று நினைத்து நான் தொடங்கிவிட்டேன். ஒரு வருடம் சேர்த்த தரவை எந்த இதழும் எடுக்கவில்லை. இரவுகளில் அழுதிருக்கிறேன்.

பதில் (பெர்ஃப்யூஷனிஸ்ட், கோவை):
மேடம் சொன்ன அந்தக் குரல் ரொம்ப முக்கியம். மாஸ்க்குக்குள் முணுமுணுத்தால் எங்களுக்குக் கேட்காது. டி.எம். சேர்ந்ததும் ஒரு வாரம் எங்கள் பக்கம் நின்று, பம்பில் திரவம் நிரப்பித் தயார் செய்வதை (பிரைம்) பாருங்கள் டாக்டர்.

கேள்வி கேட்டவர்:
நன்றி மேடம். டீஈஈ (உணவுக்குழாய் வழியாக இதயத்தைப் பார்க்கும் எக்கோ) இப்போதே கற்கத் தொடங்கலாமா?

பேராசிரியை:
தாராளமாக. 1999 அமெரிக்க வழிகாட்டியில் 20 காட்சிகள், 2013-இல் 28. எல்லாவற்றையும் மனப்பாடம் செய்ய வேண்டாம். இதயத்தின் நான்கு அறைகளும் தெரியும் மிட் ஈசோஃபேஜியல் ஃபோர் சேம்பர் காட்சி ஒன்றை மட்டும் தினமும் பாருங்கள். என் மாணவர்களுக்கு முதல் மாதம் அதுதான். புரோட்டமின் போகும்போது வலது கீழறை உப்புகிறதா என்பது அதிலேயே தெரிந்துவிடும்.