குற்றம் இங்கே, மெயில் அங்கே: 75-ஆம் பிரிவு இருந்தும் ஏன் கிடைப்பதில்லை?

ஜூனியர்_வக்கீல்:
தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000, 75-ஆம் பிரிவின்படி, குற்றத்தில் இந்தியக் கம்ப்யூட்டர் ஒன்று சம்பந்தப்பட்டிருந்தால் போதும்; செய்தவர் எந்த நாட்டவரானாலும் நம் சட்டம் பொருந்தும். அப்படியிருக்க, மோசடிக்காரரின் ஜிமெயிலைக் கேட்டால் மட்டும் "அமெரிக்காவுக்கு எழுத வேண்டும்" என்கிறார்களே? பி.என்.எஸ்.எஸ். (குற்றவியல் நடைமுறைக்கான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா) 94-ஆம் பிரிவில் ஆவணம் கேட்டு அனுப்பும் நோட்டீஸ் போதாதா?

பழைய_ஃபைல்:
75-ஆம் பிரிவு வழக்கு நடத்த அதிகாரம் தரும். கலிபோர்னியாவில் இருக்கும் கம்பெனியின் அலமாரியைத் திறக்கும் சாவி அது இல்லை.

கணக்கைத் தொடங்கியவர் பெயர், மீட்பு எண், லாகின் ஐ.பி. (எந்த இணைய முகவரியிலிருந்து நுழைந்தார் என்பது) இவற்றை வெளிநாட்டு போலீசுக்குத் தர அமெரிக்கச் சட்டத்தில் தடையில்லை. கம்பெனி நினைத்தால் 94 நோட்டீசுக்கே கொடுக்கும். மெயிலில் எழுதியிருப்பது என்னவென்று கேட்டால் கதை வேறு. அங்குள்ள ஸ்டோர்டு கம்யூனிகேஷன்ஸ் சட்டப்படி அமெரிக்க நீதிபதியின் வாரண்ட் வேண்டும். அதற்கு இந்தியா-அமெரிக்கா பரஸ்பர சட்ட உதவி ஒப்பந்த வழியில் (2001-இல் கையெழுத்து, 2005 முதல் அமல்) போக வேண்டும், அல்லது பி.என்.எஸ்.எஸ். 112-இன் கீழ் நீதிமன்றம் வேண்டுகோள் கடிதம் அனுப்ப வேண்டும். எதுவானாலும் டெல்லியில் உள்துறை அமைச்சகம், வாஷிங்டனில் அரசின் நீதித்துறை (டிபார்ட்மென்ட் ஆஃப் ஜஸ்டிஸ்), பிறகு அங்குள்ள கோர்ட், கடைசியில்தான் கம்பெனி. ஒரு வருடம் தாண்டினாலும் ஆச்சரியமில்லை.

பாதி கோரிக்கைகள் திரும்பி வருவது எழுதிய விதத்தால்தான் என்பேன். "சந்தேகம் உள்ளது, எல்லா மெயிலும் தேவை" என்றால் வாரண்ட் கிடைக்காது. எந்தத் தேதி மெயில், பணம் கட்டியவருக்கு அதில் என்ன சொல்லப்பட்டது, அந்தக் கணக்கில் இன்னும் ஆதாரம் இருக்கும் என நம்பக் காரணம் என்ன என்று கோத்துச் சொல்ல வேண்டும். அவதூறு வழக்கென்றால் பெரும்பாலும் முயற்சியே வீண். அங்கே அது பேச்சுரிமைக்குள் போய்விடும்.

லாக்_பார்ப்பவன்:
அதற்கெல்லாம் முன்னால் செய்ய வேண்டியது, தரவை அழிக்காமல் வைக்கச் சொல்லும் கோரிக்கை. 90 நாள் நிற்கும், மேலும் 90 நாள் நீட்டிக்கலாம். கம்பெனியின் போலீஸ் போர்ட்டலிலேயே போடலாம். அரசு டொமைன் மெயில் இருக்க வேண்டும். நீட்டிக்க மறந்தால் கோப்பு வாஷிங்டன் சேரும்போது தரவு இருக்காது.

ஐ.பி. கையில் வந்ததும் நடக்கும் தவறு: நேரம் யு.டி.சி.யில் (நம் நேரத்துக்கு ஐந்தரை மணி பின்னால் உள்ள உலகப் பொது நேரம்) இருக்கும். 3-ஆம் தேதி இரவு 11.40 என்றால் நமக்கு 4-ஆம் தேதி காலை 5.10. மாற்றாமல் இன்டர்நெட் கம்பெனிக்கு அனுப்பினால் சம்பந்தமில்லாத ஒருவர் வீட்டுக் கதவைத் தட்ட வேண்டிவரும். மொபைல் நெட்வொர்க்கில் ஒரே ஐ.பி.யை ஒரே நேரத்தில் நூற்றுக்கணக்கானோர் பகிர்வதால் அவர்களைப் பிரித்துக்காட்டும் சோர்ஸ் போர்ட் எண்ணும் வேண்டும். அது மெயில் கம்பெனியிடமே பதிவாகவில்லை என்றால் அந்தத் தடம் அங்கேயே அறுந்தது.

ஜூனியர்_வக்கீல்:
நன்றி சார். புடாபெஸ்ட் ஒப்பந்தத்தில் (சைபர் குற்றத்துக்கான பன்னாட்டு ஒப்பந்தம்) இந்தியா சேர்ந்தால் சுலபமாகுமா?

பழைய_ஃபைல்:
ஓரளவு. 2015-இல் சேர்ந்த இலங்கைக்குத் தரவைப் பாதுகாக்கக் கேட்கும் வழி ஒப்பந்தத்திலேயே இருக்கிறது, இந்தியா சேரவில்லை. ஆனால் மெயிலை நேரடியாக வாங்க வழி செய்வது அமெரிக்காவின் 2018 கிளவுட் சட்டம். அதன்கீழ் பிரிட்டனுக்கு 2022 முதலும் ஆஸ்திரேலியாவுக்கு 2024 முதலும் உடன்பாடு அமலில் இருக்கிறது. நமக்கு அப்படி ஒன்று இல்லை. ஐ.நா. 2024 டிசம்பரில் ஏற்ற சைபர் குற்ற ஒப்பந்தமோ, 40 நாடுகள் உறுதிசெய்து 90 நாள் கழித்தே அமலுக்கு வரும்.

லாக்_பார்ப்பவன்:
உங்கள் கட்சிக்காரர் பணத்தைத் தேடுகிறார் என்றால் மெயிலுக்காகக் காத்திருக்க வேண்டாம். முதல் சில மணி நேரம் அது பெரும்பாலும் இந்திய வங்கிகளில் மோசடிக்காரர்கள் பிறரிடம் வாங்கிப் பயன்படுத்தும் வாடகைக் கணக்குகளில்தான் சுற்றும். சைபர் மோசடிப் புகாருக்கான 1930 எண்ணுக்கு உடனே சொன்னால் அங்கேயே நிறுத்திவைக்கலாம். அப்படி நின்ற தொகையைத் திரும்பப் பெற பி.என்.எஸ்.எஸ். 503-இல் மனு போடுங்கள். கிரிப்டோவாகி வெளியே போய்விட்டால், பழைய_ஃபைல் சொன்ன அதே வரிசையில்தான் நிற்க வேண்டும்.